மேருவில் நடக்காத வகுப்பு

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். அடுப்பில் ஏதும் இருந்தால் தீயைக் குறைத்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்லப்போவது வயிறெரிந்த ஒருத்தியின் கதை. கேட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டுக் குழம்பும் அடிப்பிடித்துப் போனால் அந்தப் பாவம் என் தலையில்தான் விழும்.

போன வாரம் தாமரையை எங்கே விட்டோம்? பிரிக்ஃபீல்ட்ஸில், தன் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், கைபேசியும் கையுமாக. அரசாங்கத்தின் உதவி நிதியைச் சங்கங்களுக்குக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தின் புகார்ப் பக்கத்தில், பெயர் போடாமல், நாலு வரி எழுதி அனுப்பிவிட்டாள்.

கிள்ளானில் இருக்கும் 'மலரும் கரங்கள்' மகளிர் சங்கம் ஒரே ஒரு தையல் வகுப்பை நடத்திவிட்டு, இரண்டு நடந்ததாகக் காட்டுகிறது என்று எழுதினாள்.

பொய்யில்லை. நிறைவு விழாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் அவள்தான். கண்ணாலேயே பார்த்தாள். முதலில் 'கிள்ளான் தையல் வகுப்பு' என்று ஒரு பேனரைக் கட்டிப் படம் எடுத்தார்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு 'மேரு தையல் வகுப்பு' என்று இன்னொன்றைக் கட்டினார்கள். முன்வரிசைப் பெண்களைப் பின்னுக்கும் பின்வரிசைக்காரிகளை முன்னுக்கும் வரச் சொன்னார்கள். துப்பட்டாக்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களும் விளையாட்டுப் போலச் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டார்கள். மறுபடியும் ஒரு படம். அந்த இரண்டாவது படம், பக்கத்து ஊரான மேருவில் வகுப்பு நடத்தவென்று நிதி கொடுத்த அலுவலகத்துக்குப் போனது.

ஆக, அவள் எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால், ஏன் எழுதினாள்? அங்கேதான் இடிக்கிறது. அந்தச் சங்கத்தின் தலைவி உஷாராணி, தாமரையின் ஓரகத்தி.

அண்ணன் பழனியப்பன் கட்டியது உஷாராணியை. தம்பி யுகேந்திரன் கட்டியது தாமரையை. ஒருத்தி மேடையேறினால் கூட்டம் கைதட்டும். மற்றவள் சமைத்துப் போட்டால் அதே கூட்டம் கையைக் கழுவிக்கொண்டு போகும். 'சமூக சேவகி உஷாராணி' என்று பத்திரிகையில் படம் வரும் நாளில், கடையில் வடை மடிக்கத் தாமரை வேண்டுமென்றே அந்தப் பக்கத்தைத்தான் கிழிப்பாள்.

"அண்ணி படம்லா! அதுலயா எண்ணெய் வடிப்ப?" என்பான் யுகேந்திரன்.

"நல்லா உறிஞ்சுது, அதான்" என்பாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது ஷாமினி விஷயம். ஒரே மகள். படித்து முடித்ததும் பெரியம்மாவின் சங்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். பெரியம்மா கட்டுவது போலக் கஞ்சி போட்ட பருத்திப் புடவை, பெரியம்மா குடிப்பது போலச் சீனி போடாத தேநீர். வாயைத் திறந்தால் "பெரிம்மா சொன்னாங்க". வாரத்தில் பாதி நாள் கிள்ளானிலேயே தங்கிவிடுவாள். பிள்ளையைப் பெற்று வளர்த்தது பிரிக்ஃபீல்ட்ஸில், அது பூத்துக் குலுங்குவது கிள்ளானில்.

சங்கம் படுத்துவிட்டால் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தாமரை போட்ட கணக்கு அவ்வளவுதான்.

இனி இன்றைய கதை.

காலையில் கடை திறந்து, முதல் ஈடு இட்லி இறங்குவதற்குள் உஷாராணியே அழைத்தாள்.

"தாமரை, கடையில இன்னிக்கு என்ன பண்ற?"

"ஏன்க்கா?"

"கிரான்ட் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. நேத்துதான் மெசேஜ் வந்துச்சு. வீடு தேடி வர்றவங்கள வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா? மீஹூன், வடை, ஏதாச்சும் கொண்டு வாயேன். உன் சமையல் வாய்க்குள்ள போச்சுன்னா யாரும் ரொம்பப் பேசமாட்டாங்க."

தாமரைக்கு நெஞ்சு படபடத்தது. பயத்தில் இல்லை. திருவிழாவுக்குப் புறப்படும் பிள்ளைக்கு அடிக்குமே, அந்தப் படபடப்பு. நேரில் போய்ப் பார்க்கலாம்! அந்த நிமிர்ந்த கழுத்து எப்படிக் குனிகிறது என்று, மீஹூன் பரிமாறிக்கொண்டே பார்க்கலாம்.

"என்ன, மூஞ்சி பளபளன்னு இருக்கு?" என்றான் யுகேந்திரன்.

"அடுப்புச் சூடு. கடையப் பார்த்துக்குங்க, கிள்ளான் வரைக்கும் போயிட்டு வரேன்."

"அண்ணி கூப்பிட்டா மூஞ்சத் தூக்கிக்கிட்டுல்ல போவ? இன்னிக்கு என்ன பவுடரெல்லாம்?"

கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி, மடியில் சூடான பாத்திரங்களை வைத்துக்கொண்டு, கிள்ளான் வரும்வரை வெளியே பார்த்துப் புன்னகைத்தபடியே வந்தாள். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஒருத்தி, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்குச் சிரித்தாள்.

சங்கம் இருப்பது ஒரு கடைவீட்டு மாடியில். படியேறியதும் எதிர்ச்சுவரில் கதவளவுக்கு ஓர் அட்டைக் காசோலை. ஏதோ ஒரு விழாவில் மேடையில் வைத்துக் கொடுத்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தாமரை ஒருநாளும் அதன் முன்னால் நின்றதில்லை. இன்றைக்கு நின்று பார்த்தாள்.

"அம்மா! வந்துட்டியா? குடு, குடு." ஷாமினி ஓடிவந்து பாத்திரத்தை வாங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "பெரிம்மா நைட்டு ஒண்ணுமே சாப்பிடலம்மா. நீ கொஞ்சம் சொல்லேன்."

"நீ சாப்பிட்டியா?"

"நான் கெடக்கிறேன். பெரிம்மாவப் பாரு."

தாமரையின் கண்ணில் இருந்த திருவிழா கொஞ்சம் மங்கியது.

உஷாராணி என்னவோ வழக்கம்போலத்தான் இருந்தாள். மயில்கழுத்து நிறப் புடவை, நெற்றியில் அளவான பொட்டு. உள்ளே தையல் இயந்திரங்களின் சத்தம். தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் குரல் பெரியவள் மாரியாயி. அவள் இருக்கும் இடத்தில் இயந்திரச் சத்தம் தோற்றுவிடும்.

"தாமரை அக்கா வந்துட்டாங்க! ஏய், கையக் கழுவுங்கடி!"

அதிகாரிகள் வந்தார்கள். பேச வந்தவள் வாணி என்ற இளம்பெண், நம் பெண்தான். கூட வந்த மலாய்க்காரர் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தாமரை தட்டில் வடையை வைத்து நீட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க ஆன்டி. வந்த இடத்துல நாங்க எதுவும் சாப்பிடக்கூடாது."

"ஒரு டீயாவது?"

"தண்ணிகூட கையோட கொண்டு வந்துட்டோம்." பையிலிருந்து போத்தலை எடுத்துக் காட்டினாள். "வாசம் மட்டும் புடிச்சுக்கிறேன், அதுக்கு ரூல் இல்ல."

பெண்கள் சிரித்தார்கள். தாமரை தட்டோடு பின்னால் போய், அலமாரி ஓரமாக நின்றுகொண்டாள். நல்ல இடம். உஷாராணியின் முகம் அங்கிருந்து முழுசாகத் தெரியும்.

வாணி குரலை உயர்த்தவே இல்லை, 'புவான்', அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் பேசினாள். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன.

"கிள்ளான் கிளாஸ் இங்கதான், கண்ணு முன்னாடி நடக்குது, சந்தோஷம். மேரு கிளாஸ் எங்க நடந்துச்சு, புவான்?"

"அங்க... ஒரு பாலாய் ராயாவுல, பொது ஹால்ல" என்றாள் உஷாராணி.

"ஹால் சாவி யாருகிட்ட வாங்கினீங்க?"

உஷாராணி ஷாமினியைப் பார்த்தாள். ஷாமினி மடிக்கணினியைப் பார்த்தாள். மடிக்கணினி என்ன சொல்லும், பாவம்.

"மேரு படத்துல சிவப்பு துப்பட்டா போட்டு நிக்கிறாங்களே, அவங்க இதோ இங்க உக்காந்து பட்டன் தைக்கிறாங்க" என்றாள் வாணி. "ரெண்டு கிளாஸுக்கும் வந்தாங்களா?"

தாமரைக்கு உள்ளுக்குள் தேன் வடிந்தது. குனிந்தது அந்தக் கழுத்து, ஆமாம், கொஞ்சம் குனிந்தேவிட்டது. எத்தனை தீபாவளி, எத்தனை கல்யாணம், எத்தனை மேடை! இந்த ஒரு குனிவுக்காகத்தானே!

"சரி" என்றாள் வாணி. "உங்க சங்கத்துக்கு உள் ஆடிட்டர் ரெண்டு பேர் இருக்கணும். கணக்கையும் வேலையையும் சரிபார்த்து, ஆமான்னு கையெழுத்து போடறவங்க. ஒருத்தர் ஜொகூருக்குக் குடிபோயிட்டாருன்னு சொன்னீங்க. இன்னொருத்தர் யாரு? புவான் தாமரை... அவங்களப் பார்க்கலாமா?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தாமரை கையில் வடைத் தட்டோடு நின்றாள். "நானா?"

"நீதானே தாமரை" என்றாள் உஷாராணி மெதுவாக. "பால்காய்ப்பு அன்னிக்குப் போட்டோமே."

அது எந்த நாள் என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் உஷாராணியின் புது வீட்டுப் பால்காய்ப்பு. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறார்களே என்று, சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தையும் அன்றைக்கே, சாப்பாட்டுக்கும் பாயசத்துக்கும் நடுவில் முடித்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இது புதிதா? செயலவைக்கு ஆள் வேண்டும் என்றால் வெளியிலா தேடுவோம்? அண்ணன் பொருளாளர், தம்பி துணைத் தலைவர், ஒன்றுவிட்ட மச்சான் ஆடிட்டர். தாமரை அப்போது சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். பழனியப்பன் தாள்களோடு வந்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலால் காட்டினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள். அப்பளம் கருகிவிடுமே என்கிற அவசரம். பிறகு மேரு வகுப்பு முடிந்ததாக அறிக்கை போனபோதும், கடைக்கு வந்து அதேபோல ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்கும் போட்டாள்.

தான் புகார் செய்த சங்கத்துக்குக் காவல்காரி தானேதான் என்று, கண்ணுகளா, அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"பயப்படாதீங்க ஆன்டி" என்றாள் வாணி. "ஒரே கேள்விதான். மேருவுல கிளாஸ் நடந்துச்சு, கணக்கெல்லாம் பார்த்துட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. பார்த்தீங்களா?"

தாமரை வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஷாமினி அவளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல! சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, 'அம்மா, நீ இருக்கியா' என்று பார்த்த பார்வை. பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் பிள்ளையின் கண் இவளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை. சொன்னால் பெரியம்மா தப்பிப்பாள், படம் எடுத்த ஷாமினியும் தப்பிப்பாள். அம்மாதான் காப்பாற்றினாள் என்று காலம் பூராவும் அவள் வாய் சொல்லும். 'பெரிம்மா சொன்னாங்க' போய், 'எங்கம்மா சொன்னாங்க' வரும்.

எத்தனை வருடப் பசி அது. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"புவான், ஒரு நிமிஷம்!" மாரியாயி எழுந்துவிட்டாள். "மேரு கிளாஸப் பத்தியா பேசறீங்க? எப்ப தொறக்கிறீங்க?"

"நீங்க மேருவாக்கா?" என்றாள் வாணி.

"மேருதான்! ரெண்டு பஸ் மாறி இங்க வரேன். அன்னிக்குப் படம் எடுக்கறப்ப பேனர்ல மேருன்னு போட்டிருந்துச்சில்ல, நான் அப்பவே எங்க ஃபிளாட்ல போயிச் சொல்லிட்டேன், அடுத்தது நம்ம இடத்துலதான்னு. நாலஞ்சு பொம்பளைங்க துணிகூட வாங்கி வச்சிட்டாங்க. கைப்புள்ளக்காரி ஒருத்தி, இவ்ளோ தூரம் வர முடியாது, மேருல வந்தாத்தான் படிக்கலாம்னு காத்துக்கிட்டிருக்கா. தெனம் கேக்கறா, எனக்குப் பதில் சொல்லி மாளல."

தையல் இயந்திரங்கள் நின்றுவிட்டன. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மாரியாயி எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

வராத வகுப்புக்குத் துணி வாங்கி வைத்துக் காத்திருக்கும் அந்த முகம் தெரியாத பெண்ணைத் தாமரை நினைத்துப் பார்த்தாள். புகார் எழுதியபோது அவளுக்கு உஷாராணி முகம் மட்டும்தான் கண்ணில் இருந்தது. மேருவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை.

"பார்க்கல" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "ஒண்ணும் பார்க்கலம்மா. குடுத்தாங்க, போட்டேன். மேருல கிளாஸ் நடக்கல. அந்தப் படம் இதே அறையிலதான் எடுத்தாங்க. நான்தான் அன்னிக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன்."

ஷாமினியின் கண் அவளை விட்டுவிட்டுத் தரைக்குப் போனது.

உஷாராணி எழுந்தாள். புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டாள்.

"தாமரை மேல தப்பில்ல. இந்தப் புள்ள மேலயும் இல்ல, நான் சொன்னதத்தான் செஞ்சா" என்றாள். "கிள்ளான் கிளாஸுக்கு இவ்ளோ பேர்தான்னு சொல்லித்தான் காசு வாங்கினேன். வந்தது ரெண்டு பங்கு. வாசல்ல வந்து நின்னு அழறவங்கள எப்படித் திருப்பி அனுப்புறது? சேர்த்துக்கிட்டேன். பாதியில காசு தீர்ந்துபோச்சு. டீச்சர் சம்பளம், துணி, கடை வாடகை. மேருவுக்கு வந்தத எடுத்துச் செலவு பண்ணிட்டேன். அப்புறமா எங்கேர்ந்தாவது பொறட்டி மேருல நடத்திடலாம்னு நெனச்சேன். அறிக்கை அனுப்பற நாள் வந்துருச்சு. நான் பண்ணதுதான். எழுதிக்குங்க."

அறையில் இருந்த பெண்கள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஷாமினி எழுந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாருங்கள், கண்ணுகளா, இதுதான் தாமரையின் தலையெழுத்து. உண்மையை முதலில் சொன்னவள் இவள். மகளின் பார்வையை விட்டுக்கொடுத்துச் சொன்னவள் இவள். கண்ணீரும் மகளின் கையும் போனது உஷாராணியிடம். தப்புச் செய்தும் அவளுக்கு ஒரு மேடை கிடைத்துவிட்டது. உஷாராணியின் தப்புகூட அழகாக இருந்தது. தாமரை தட்டைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் இரண்டு வடை உருண்டு போயின.

மாரியாயி மட்டும் அழவில்லை.

"அப்ப இங்க அழுதவங்களுக்குக் கிடைச்சுச்சு. அங்க அழுதது காதுல விழலியாக்கா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உஷாராணியின் கழுத்து இப்போது முழுசாகவே குனிந்தது. தாமரை அதைப் பார்த்தாள். எதிர்பார்த்த ருசி அதில் இல்லை.

வாணி கடைசியாகச் சொன்னது இது. "நல்ல மனசோட செஞ்சிருக்கலாம், புவான். ஆனா அது மேருக்காரங்க பங்கு. மேருவுக்குன்னு குடுத்தது மேருவுக்குப் போகணும், இல்லன்னா திரும்பி வரணும். அதுவரைக்கும் புதுசா ஒண்ணும் வராது. மேல என்ன முடிவு பண்றாங்கன்னு எழுதுவாங்க. இனிமே வர்ற காசு, போற காசு, எல்லாத்தையும் இந்தச் சுவத்துல ஒட்டி வைங்க, இவங்க படிக்கிற மாதிரி. ஆடிட்டர் சொந்தக்காரங்க வேணாம். இவங்கள்லேர்ந்தே ரெண்டு பேரப் போடுங்க."

"ஆடிட்டர்னா என்னம்மா பண்ணணும்?" என்றாள் மாரியாயி.

"கேள்வி கேக்கணும்க்கா. பதில் வர்ற வரைக்கும் விடாமக் கேக்கணும்."

"அட, அது எனக்குப் பொறந்ததுலேர்ந்து வருது!"

அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அதிகாரிகள் படியிறங்கிப் போனதும் பேச்சு கிளம்பியது. "யாருலா புகார் குடுத்திருப்பா?" "எவளோ பொறாமை புடிச்சவ." "நல்லா இருப்பாளா அவ?"

"விடுங்கடி" என்றாள் உஷாராணி. "யாரா இருந்தா என்ன. சொன்னது நெசந்தானே."

அதற்கும் அந்தப் பெண்களிடம் ஒரு தலையாட்டல், ஒரு பெருமூச்சு. தாமரை பாத்திரங்களை அடுக்கினாள், ஒன்றோடொன்று மோத.

உஷாராணி அவளிடம் வந்தாள். "தாமரை, இப்போதைக்கு ஷாமினிக்கு என்னால சம்பளம் குடுக்க முடியாது. உன்கூட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. புள்ள ரொம்ப பயந்துருக்கா. பெத்தவ பக்கத்துல இருக்கட்டும்."

கேட்டது கிடைத்துவிட்டது. நாலு வரி எழுதி எதைக் கேட்டாளோ, அதை ஓரகத்தியே கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

சாயங்கால ரயிலில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில். காலிப் பாத்திரங்கள் காலடியில். போர்ட் கிள்ளானில் வேலை முடிந்தவர்கள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். புக்கிட் பாடாக் நிலையத்தைத் தாண்டியது ரயில். ஷாமினி தலையைச் சாய்த்து அம்மாவின் தோளில் வைத்தாள். தாமரை அசையவே இல்லை. அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று பயம்.

"அம்மா."

"ம்."

"நீ பார்க்கலன்னு சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அந்தப் படத்த எடுத்தது நான்தானே. எனக்கே அது தப்புன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு, ஆனா பெரிம்மாகிட்டச் சொல்ல தைரியம் வரல. நீ அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்ன. உன்னால முடிஞ்சுது." தலையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். "எங்கம்மான்னு பெருமையா இருந்துச்சு."

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை!

"புகார் குடுத்த ஆளப் பாரு" என்றாள் ஷாமினி. "பேர் போடாம, ஒளிஞ்சுக்கிட்டு. எதிர்க்க வந்து பெரிம்மாவக் கேக்க ஒரு வாய் இல்ல. நீ அப்படி இல்ல."

இங்கே தாமரை சும்மா இருந்திருக்கலாம். உங்களில் பாதிப் பேர் 'வாயை மூடிக்கொண்டு இருடி பெண்ணே' என்று சொல்வது எனக்குக் கேட்கிறது. ஆனால் தோளில் கிடந்த அந்தத் தலை, யாரோ ஒரு நல்லவளின் தோள் என்று நினைத்துச் சாய்ந்திருக்கிறது. மகள் மெச்சும் அந்த நல்லவள்மீதுகூடத் தாமரைக்குப் பொறாமை வந்துவிட்டது. இப்படி ஒரு பொறாமையை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? தனக்குக் கிடைக்கும் அன்பு முழுக்கத் தனக்கே கிடைக்க வேண்டும், வேறொருத்தியாக நின்று அதை வாங்கக் கூடாது என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

"அது நான்தான்" என்றாள்.

ஷாமினி தலையை எடுக்கவில்லை. புரியவில்லை அவளுக்கு. "எது?"

"புகார் குடுத்தது. நான்தான் எழுதினேன்."

இப்போது தலையை எடுத்தாள்.

"ஏன்? மேருக்காரங்களுக்காகவா?"

'ஆமாம்' என்று சொல்லக் கடைசியாக ஒரு வழி திறந்தது. பிள்ளையே திறந்துவிட்டாள்.

"இல்ல" என்றாள் தாமரை. "மேருல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உன்ன அவகிட்டேர்ந்து பிரிக்கிறதுக்குத்தான் எழுதினேன். சங்கம் மூடிட்டா நீ வீட்டுக்கு வந்துருவேன்னு."

ரயில் பாடாங் ஜாவாவில் வந்து நின்றது. கதவு திறந்தது.

ஷாமினி எழுந்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். வெறுப்பா, இரக்கமா, தாமரைக்குப் பிடிபடவில்லை. "இத பெரிம்மாகிட்ட நீயே சொல்லுவியா, நான் சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஷாமினி! புள்ள!"

கதவு மூடிக்கொண்டது. நின்றபடி தூங்கிய ஒருவர் கண்விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். தாமரை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மகள் மேம்பாலப் படியேறிக்கொண்டிருந்தாள், கஞ்சி போட்ட புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி. அந்தப் பாலம் கிள்ளான் போகும் ரயில் நடைமேடைக்கும் இறங்கும், வெளியே தெருவுக்கும் இறங்கும். எந்தப் பக்கம் இறங்கினாள் என்று பார்ப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

தாமரை கைபேசியை எடுத்தாள். உஷாராணியின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுக்கட்டும், எடுக்காமல் போகட்டும். இவள் அழுத்தினாளே, அதுவரைக்கும் எனக்கு நிம்மதி.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் யார் மடியில் போய்ச் சிரித்தாலும், அந்தச் சிரிப்பைப் பார்த்து உங்கள் மனசு குளிரட்டும். ஊர்ப் பொதுப் பணம் உங்கள் கை வழியாகப் போக நேர்ந்தால், போக வேண்டிய வாசலுக்கே அது குறையாமல் போய்ச் சேரட்டும். கோபித்துக்கொண்டு வழியில் இறங்கிய பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும், விளக்கேற்றும் வேளைக்குள் வாசலில் அதன் செருப்புச் சத்தம் கேட்கட்டும். உங்கள் குடும்பம் நல்லா இருக்கட்டும்.